சாவி யாரிடம்? பேய்க்கதையை ஆய்வாக எடுப்பவர்களுக்குச் செட்டிநாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வந்து, "மேடம், பேய்க்கதையில ஆய்வு பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். ஏதோ தப்பான காரியத்துக்கு அனுமதி கேட்பது போலக் குரல் தாழ்ந்துவிடும். தாராளமாகப் பண்ணலாம். இந்த வகை எழுத்தை ஆங்கிலத்தில் கோதிக் என்பார்கள். இந்தத் துறைக்கென்று 1991 முதல் சர்வதேச கோதிக் சங்கம் என்று ஒன்று இயங்குகிறது, 1999 முதல் தனி ஆய்விதழும் வருகிறது. வீட்டில் கேட்டால் மட்டும் "கதை இலக்கியத்தில் அச்சச்சுவை" என்று சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. எம்.ஏ. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வார்த்தை

கோதிக் என்பது கோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுத் தேவாலயங்களைப் பிடிக்காதவர்கள், "காட்டுமிராண்டிக் கட்டடம்" என்ற பொருளில் வைத்த வசைப்பெயர் அது. இலக்கியத்துக்கு அந்தப் பெயர் ஒட்டியதற்கு ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் காரணம். 1764-ல் 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ' என்ற நாவலை, ஏதோ பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். நன்றாக ஓடியது. அடுத்த வருஷமே இரண்டாம் பதிப்பில் "நான்தான் எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்று தலைப்பில் சேர்த்தார். ஆக, இந்த வகையே ஒரு பொய்யில் பிறந்தது. யாரோ எழுதிய பழைய ஏடு கிடைத்தது என்று ஆரம்பிக்கும் பேய்க்கதையைப் படிக்கும்போதெல்லாம் வால்போலை நினைத்துக்கொள்ளலாம்.

கோதிக்கும் திகிலும் ஒன்றா என்பது அடுத்த கேள்வி. நான் சொல்லித்தருவது இப்படி: கோதிக் என்றால் இடத்தையும், போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழங்காலத்தையும் பார்க்கிறோம். திகில் என்றால் படிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் உண்டாகும் உணர்ச்சியைப் பார்க்கிறோம். ஒரே கதை இரண்டிலும் வரலாம், வராமலும் போகலாம். சாந்தமான கோதிக் உண்டு. வீடே இல்லாத, நட்ட நடுக்காட்டுத் திகிலும் உண்டு.

இங்கேயே ஒரு தப்பைத் தவிர்த்துவிடுங்கள். செட்டிநாட்டு வீடு கோதிக் கட்டடம் கிடையாது. கோதிக் பாணிக் கட்டடம் பார்க்க வேண்டுமானால் சென்னை சாந்தோம் தேவாலயத்துக்குப் போங்கள். கானாடுகாத்தான் வீடுகளில் பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல் எல்லாம் கலந்திருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம் வேறு. "கோதிக் பாணியில் அமைந்த செட்டிநாட்டு மாளிகை" என்று எழுதிய ஒரு ஆய்வேட்டைத் திருத்தி எனக்குக் கை வலித்துவிட்டது. நம் ஊர் வீட்டுக்கும் கோதிக் கதைக்கும் உறவு உண்டு, ஆனால் அது வளைவிலும் தூணிலும் இல்லை.

ஒரு வீட்டைப் படித்துப் பாருங்கள்

புத்தகத்துக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன். தெரிந்தவர் வீடு ஒன்றுக்கு, கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போடுங்கள். முகப்பு, பட்டாலை, வளவு (நடு முற்றப் பகுதி), வளவைச் சுற்றி அறைகள், இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் வரும் அடுத்த கட்டு), அடுப்படி, பின்வாசல். சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பிறகு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வெளி ஆள் எதுவரை வரலாம், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், வேலைக்காரர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எந்த அறை பூட்டியிருக்கிறது.

இப்படி ஒருமுறை பள்ளத்தூர்ப் பக்கம் போயிருந்தபோது, வளவில் எல்லா அறையும் திறந்திருக்க ஒன்று மட்டும் பெரிய பூட்டுப் போட்டுக் கிடந்தது. கூட வந்த மாணவிக்குக் கண் விரிந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் மெல்ல விசாரித்தோம். "அதுல பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா. பங்காளிக நாலு பேரு. மூணு சாவி இங்கன இருக்கு, நாலாவது மலேசியாவுல இருக்கு" என்றார்.

எனக்கு அன்றைக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான். வளவு அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழிலில் ஈட்டிய பணத்தில் எழுந்த வீடுகள் இவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கே போட்ட முதலீட்டை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்புறம் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஐம்பது பேருக்குக் கட்டிய வீட்டில் ஒரு ஆச்சி. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஆள் நிறையும். படைப்பன்றைக்கு முன்னோருக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிட்டு, இலை போட்டுச் சாப்பிட்டு, மறுநாள் பூட்டிவிட்டுப் போவார்கள். இறந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பது இங்கே பயமுறுத்தும் செய்தி இல்லை. அவர்கள் வீட்டுக்காரர்கள், நாம் விருந்தாளிகள்.

இப்போது மேல்நாட்டுக் கதைகளுக்குப் போய், பெரியவர் சொன்னதை ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: சாவி யாரிடம்? வால்போலின் கோட்டையை ஆள்பவன் அதற்கு உரியவனே இல்லை. தாத்தா காலத்தில் அபகரித்தது. சொத்து வழக்குதான் கதை. ஆன் ராட்கிளிஃப் 1794-ல் எழுதிய உடால்ஃபோ நாவலில், கதாநாயகி எமிலிக்குக் கொடுக்கப்பட்ட அறையில் இரண்டாவது கதவு ஒன்று இருக்கும். அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளிருந்து அவளால் சாத்திக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம். பேய் வருமோ என்று நாம் பயப்படும்போதெல்லாம், அந்தத் தாழ்ப்பாளின் பக்கம் நிற்கக்கூடிய மனிதனை நினைத்துத்தான் அவள் பயப்பட வேண்டியிருக்கிறது. 1847-ல் வந்த ஜேன் ஐரில் மாடி அறையில் அடைத்துவைக்கப்பட்ட மனைவி, 2005-ல் வந்த சந்திரமுகியில் அரண்மனையின் பூட்டிய அறை என்று வரிசையாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வரலாம். பூட்டியவர் யார், எதற்காக, திறப்பது ஏன் எப்போதும் ஒரு பெண்?

தொல்காப்பியத்தை மறக்காதீர்கள்

இதை யாரும் பாடத்திட்டத்தில் வைப்பதில்லை, எனக்கு அது ஒரு குறை. மெய்ப்பாட்டியலில் ஒரு சூத்திரம்:

"அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே."

அச்சம் பிறக்க நான்கு காரணம்: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் எல்லாருக்கும் தோன்றக்கூடியவை. நான்காவதில்தான் நான் நின்றுவிடுவேன். நம்மை ஆள்பவனையும் தொல்காப்பியர் பேயோடு ஒரே வரிசையில் உட்காரவைத்திருக்கிறார். கோதிக் கதையின் அடிப்படைச் சூத்திரம் இதுதான் என்று நான் வாதாடுவேன்: அணங்கும் இறையும் ஒரே வீட்டில் குடியிருந்தால் அது கோதிக். ஒட்ரான்டோவின் பிரபுவும் சந்திரமுகி படத்து மன்னன் வேட்டையனும் அந்த நான்காவது வகை. சந்திரமுகி அணங்கானது அவனால்தான்.

பயிற்சிக்கு, 1897-ல் வந்த டிராகுலாவை இந்த நாலு கட்டத்தில் போட்டுப் பாருங்கள். செத்தும் சாகாதவன், அதனால் அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறுவான், அதனால் விலங்கு. ராத்திரியில் அடுத்தவர் படுக்கையறைக்குள் நுழைவான், கள்வன். பிரபுப் பட்டம் வேறு, இறை. நாலும் ஒரே ஆளுக்குள். இவ்வளவு காலம் அவன் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. நோயல் கேரல் என்ற தத்துவப் பேராசிரியர் 1990-ல், திகில் கதையின் அரக்கன் பயத்தை மட்டும் தந்தால் போதாது, அருவருப்பும் தர வேண்டும் என்று விளக்கினார். நம் கணக்கில் அது அச்சமும் இளிவரலும். இளிவரலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்களில் மூப்பும் பிணியும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு காரைக்கால் அம்மையாரின் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" பாட்டைப் படியுங்கள். வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிவிழுந்த வயிறு. இளிவரலுக்கான அத்தனை பொருளையும் எடுத்துப் பக்தியாக்கிவிட்டார். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் வழிதவறி நுழைந்து, பேய் ஆடுவதைப் பார்த்து, வீடுவரை ஓடி, தாயிடம் சொல்லிவிட்டுச் சாகும் சார்ங்கலனும் இருக்கிறான். தமிழில் பேய் இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நீட்டுங்கள். அதற்காக வால்போலுக்கு முன்பே நாங்கள் கோதிக் எழுதினோம் என்று கிளம்பிவிடாதீர்கள். அது வேறு காலம், வேறு நோக்கம். சட்டகத்தைக் கடன் வாங்கலாம், வம்சாவளி எழுதக் கூடாது.

ஒரே ஒரு கதை

புதிதாக வருபவர்கள் "தமிழ்த் திரைப்படத்தில் பேய்கள்" என்று தலைப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள். நாற்பது படம் பார்த்து, நாற்பது கதைச்சுருக்கம் எழுதி, முடிவுரையில் மூச்சு வாங்குவார்கள். வேண்டாம். முதலில் ஒரு சிறுகதை போதும்.

என் சிபாரிசு புதுமைப்பித்தனின் காஞ்சனை. அவர் எழுத்துகள் நாட்டுடைமையானவை, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். கதைசொல்லி ஒரு எழுத்தாளர், தூக்கம் வராத ஆள். வீட்டுக்கு வேலைக்காரியாக ஒரு பெண் வந்து சேர்கிறாள். ராத்திரியில் வாசனை வருகிறது. பேய்தான் என்று நம்பினாலும் ஆதாரம் இருக்கிறது, எழுத்தாளரின் மனக்கோளாறு என்றாலும் ஆதாரம் இருக்கிறது. கடைசிவரை நம்மைத் திண்ணையிலேயே உட்காரவைத்துவிடுகிறார்.

மூன்று தடவை படியுங்கள். முதல் தடவை சும்மா, முடிந்தால் ராத்திரியில். எங்கே வயிறு பிசைந்ததோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடுதான் உங்கள் முதல் தரவு, வெட்கப்பட வேண்டாம். இரண்டாம் தடவை பகலில், கோடு போட்ட இடத்துக்கு முன்னால் இருக்கும் பத்து வரியை மட்டும் பாருங்கள். பயம் வந்த வரியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வேலை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். வாக்கியம் குட்டையாகிறதா? கண்ணால் பார்த்தது நின்று, மூக்காலும் காதாலும் அறிவது தொடங்குகிறதா? மூன்றாம் தடவை, சந்தேகத்தை உண்டாக்கும் சொற்களை மட்டும் பட்டியல் போடுங்கள்: போல, தோன்றியது, ஒருவேளை, பிரமை.

இதைச் செய்து முடித்த பிறகு இலக்கியக் கோட்பாட்டாளர் தொடோரோவைத் திறந்தால், தானாகப் புரியும். 1970-ல் அவர் சொன்னது இதைத்தான்: நடந்தது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் அந்த நேரமே விந்தைப் புனைவு. முடிவு தெரிந்துவிட்டால் கதை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சந்திரமுகி ஒரு பக்கம் சாய்கிறது, மனநோய் என்று மருத்துவர் விளக்குகிறார். காஞ்சனை சாயவே இல்லை.

தொலைக்காட்சி தனிக்கணக்கு

தியேட்டருக்கு நாம் போகிறோம், டிவி நம் வீட்டுக்கு வருகிறது. கோதிக் தொலைக்காட்சியைப் பற்றி ஹெலன் வீட்லி 2006-ல் எழுதிய புத்தகம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. வீட்டுக்குள் நடக்கும் பயத்தை, வீட்டுக்குள் உட்கார்ந்தே பார்க்கிறோம். 2009-ல் வந்த யாவரும் நலம் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் மதியம் பார்க்கும் சீரியலில், அதே வீட்டில் நடக்கப்போவது ஓடுகிறது. அது சினிமாதான், ஆனால் டிவியைப் பற்றி அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக யோசித்த தமிழ்க் கதை எனக்குத் தெரிந்து குறைவு.

தொடர் என்றால் நம்மவர்களுக்கு மர்மதேசம்தான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில், 1990களின் பிற்பகுதியில் வந்தது. அதில் விடாது கருப்பு பகுதியை ஆய்வுக்கு எடுக்கலாம். தப்புச் செய்தவர்களைக் கருப்பசாமி தண்டிக்கிறாரா, அல்லது மனித மனமா என்பதுதான் மையக் கேள்வி. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி. ஊர் எல்லையில் கருப்பர் கோயிலும் மண்குதிரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கருப்பர் காவல் தெய்வம், பேய் இல்லை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காவல்காரரே அச்சத்துக்குக் காரணமாவது எப்படி என்று கேட்டால், மறுபடி "தம் இறை"யில் வந்து நிற்பீர்கள்.

பார்க்கும் முறை: நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள். நிமிடம், வீட்டில் எந்த இடம், என்ன சத்தம், யார் கண்ணால் பார்க்கிறோம், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. ஒரு எபிசோடுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை, திரையைத் திருப்பிவைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டு ஒரு தடவை. டிவித் திகிலில் பாதி காதில்தான் நடக்கிறது. அடுப்படியிலிருந்தே அரைகுறையாகக் கேட்பவர்களுக்கும் சேர்த்து எடுக்கப்பட்டவை அவை.

எங்கே 'தொடரும்' விழுகிறது என்று கட்டாயம் குறியுங்கள். வாராந்தரத் தொடரில், தொடோரோவ் சொன்ன தயக்கம் ஏழு நாள் நீள்கிறது. அந்த ஏழு நாளும் தெருவில் பேச்சாகிறது. இப்போது இணையத்தில் ஒரே மூச்சில் பார்க்கும் நமக்கு அந்த ஏழு நாள் கிடையாது, விளம்பர இடைவேளையும் கிடையாது. எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அம்மாவிடமும் அத்தையிடமும் அப்போது எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்தால் அதுவே ஒரு அத்தியாயம். அமெரிக்காவில் 1966 முதல் 1971 வரை டார்க் ஷேடோஸ் என்று ஒரு பகல்நேர சீரியலில் ரத்தக்காட்டேரியே கதாபாத்திரமாக வந்தது. மதிய சீரியலும் பேயும் பழைய கூட்டாளிகள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோட்பாடு: கொஞ்சமாக, கடைசியில்

ஃபிராய்டின் 1919 கட்டுரை ஒன்று. ஜெர்மனில் 'வீட்டுக்குரிய' என்ற சொல், 'மறைவான' என்ற பொருளுக்கு நழுவி, கடைசியில் தன் எதிர்ச்சொல்லோடேயே போய் ஒட்டிக்கொள்வதைக் காட்டுவார். பழகிய வீடே அந்நியமாகும் உணர்வு. இதைப் படித்ததும் தமிழில் 'இல்' என்றால் வீடு, 'இல்' என்றால் இல்லை என்று உங்களுக்குப் பொறி தட்டும். எல்லாருக்கும் தட்டும். ஒரு அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து தொடோரோவ், நோயல் கேரல். பெண்கள் பாத்திரத்தைப் பற்றி என்றால் எல்லன் மோயர்ஸ் 1976-ல் பேச ஆரம்பித்த பெண் கோதிக், கொலைப்படங்களில் கடைசியில் உயிரோடு மிஞ்சும் பெண்ணைப் பற்றி கேரல் குளோவர் 1992-ல் எழுதியது. போதும். நூற்றெட்டுப் பெயரை இழுத்தால் உங்கள் குரல் கேட்காது.

எங்கே தேடுவது

பழைய ஆங்கில நாவல்களுக்கு, இலவச மின்னூல்கள் கிடைக்கும் குட்டன்பர்க் தளம். ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்று பார்க்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்கா. தலைப்பு முடிவாவதற்கு முன்பே பாருங்கள், பிறகு பார்த்து அழுதவர்கள் உண்டு. பழைய தமிழ் மர்ம நாவல், வாரப்பத்திரிகைத் தொடர் எல்லாம் வேண்டுமானால் சென்னை ரோஜா முத்தையா நூலகம். அதன் மூலச்சேகரிப்பு நம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்தது. பக்கத்தில் புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடித்த வீட்டுத் தூண், நிலை, எனாமல் பாத்திரம், பெயர் தெரியாதவர்களின் கல்யாணப் போட்டோ. சாவியில்லாத பூட்டுகள் ஒரு கூடை நிறையக் கிடக்கும். குறிப்பெடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

எழுதும்போது

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "விடாது கருப்பில் பயம்" என்பது கேள்வி இல்லை. "விடாது கருப்பில் கருப்பரைக் கண்ணால் காட்டுவதற்கு முன் காதால் எப்படி அறிவிக்கிறார்கள், அது ஊர்க்காவலை எப்படி மிரட்டலாக மாற்றுகிறது?" என்பது கேள்வி. பேய் உண்டா இல்லையா என்று ஒரு பக்கம்கூட எழுதாதீர்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். கதையில் உண்டு சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுங்கள்.

பணம் கட்டினால் மூன்று நாளில் ஆய்விதழில் கட்டுரை போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். நானே ஆரம்பத்தில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். என் கட்டுரையின் தலைப்பில் கோதிக் என்பதை 'கோட்டிக்' என்று அச்சிட்டிருந்தார்கள். உங்கள் வழிகாட்டியிடம் கேட்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக, வீட்டைப் பற்றி எழுதினால் ஊர்ப்பெயர் வரலாம், வீட்டு விலாசம் வரக் கூடாது. "பாழடைந்த பேய் மாளிகை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அடுத்த வாரம் கேமராவோடு நாலு பேர் சுவர் ஏறுவார்கள். ஓடு மாற்றவும் வரி கட்டவும் அல்லாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது கூடுதல் தொல்லை. எழுதி முடித்ததும் அந்த வீட்டு ஆச்சிக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். பள்ளத்தூருக்கு என்னோடு வந்த மாணவி அப்படித்தான் கொடுத்தாள். ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். ஃபிராய்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரைபடம் இருந்த பக்கத்தைத் திருப்பி விரலை வைத்து, "இத வளவுன்னு எழுதியிருக்கியே ஆத்தா, இது ரெண்டாங்கட்டு" என்றார்.